குரல் மேடம் வாய் திறக்கவில்லை

"கால்கள் நடக்கவில்லை என்றால் என்ன? அவருடைய கனவுகள் நடக்கின்றன... இல்லை, ஓடுகின்றன..."

பதினோராவது தடவை. இப்போதுதான் தொண்டை சரியான இடத்தில் தழுதழுத்தது. அந்த நேரம் பார்த்துத் துணி அறையின் கதவு படாரென்று திறந்தது.

"அட என்னங்க நீங்க! கரெக்டா அழுகை வந்த நேரத்துல!" என்று குரல்காரி மைக்கை அணைத்தாள்.

"டி.வி.காரங்க வந்திருக்காங்க" என்றார் அவள் கணவர். நாற்சந்தியில் லாரியையே ஒற்றைக் கையால் நிறுத்துகிற போக்குவரத்துப் போலீஸ்காரர் அவர். இப்போது அந்தக் கையால் கதவை அவசரமாகச் சாத்தினார்.

"எந்த டி.வி.?"

"உன் டி.வி."

குரல்காரி சக்கர நாற்காலியைப் பின்னால் தள்ளியதில், தலைக்கு மேல் தொங்கிய வெள்ளைச் சீருடைகள் இரண்டு மடியில் விழுந்தன. எதிரொலி கேட்கக் கூடாது என்பதற்காக, வீட்டில் இருக்கிற அத்தனை துணியையும் அந்தக் குட்டி அறையில் மாட்டி, அதற்கு நடுவில்தான் அவள் வேலை பார்த்தாள்.

வேலை என்னவென்றால், 'கண்ணீரைத் துடை' என்ற வாராந்திர நிகழ்ச்சிக்குப் பின்னணிக் குரல் கொடுப்பது. வாரம் ஒரு மாற்றுத்திறனாளியைப் பிடிப்பார்கள். அவர் மாடி ஏறுவதையோ, ஊசியில் நூல் கோப்பதையோ, ஒன்றும் கிடைக்காவிட்டால் ஜன்னல் வழியாக வானத்தைப் பார்ப்பதையோ மெதுவாக ஓடவிட்டு, வயலினை இழுத்து, அதன்மேல் இவள் குரலைப் பூசுவார்கள். பார்க்கிறவர்கள் மூக்கைச் சிந்துவார்கள். ஊரில் பாதிக் கைக்குட்டை இவளால் விற்கிறது என்று கணவர் கிண்டல் செய்வார்.

நாலு வருஷமாக அந்தச் சேனலுக்கு அவளைத் தெரியும். அவள் சக்கர நாற்காலியில் இருப்பது மட்டும் தெரியாது. அதை அவள் சொல்லாததற்குக் காரணம் உண்டு. அதற்கு முன்னால் வேறொரு சேனலுக்குச் செய்தி வாசிக்க வேலை கேட்டுப் போயிருந்தாள். நாற்காலியைப் பார்த்ததும் எல்லாரும் எழுந்து நின்றார்கள். பூங்கொத்து கொடுத்தார்கள். கேமராவை வரவழைத்து அரை மணி நேரம் பேட்டி எடுத்தார்கள். வாசல்வரை தள்ளிக்கொண்டு வந்து வழியனுப்பினார்கள். வேலையைப் பற்றி மட்டும் ஒருத்தரும் மூச்சு விடவில்லை. அன்றைக்கு வீட்டுக்கு வந்து அந்தப் பூங்கொத்தை அவள் எறிந்த வேகத்தில் காலண்டரே கீழே விழுந்தது.

அதனால் இந்த வேலையைப் போனிலேயே வாங்கினாள். வாங்கி, கண்ணைப் போலக் காத்தாள். எழுதி வருகிற வசனத்தில் 'பாவம்' நாலு இடத்தில் இருந்தால் இரண்டை முழுங்கிவிடுவாள். இதுவரை யாரும் கண்டுபிடித்ததில்லை.

"மாட்டினேன்னா ரெண்டுல ஒண்ணுதான்" என்றாள் இப்போது, கிசுகிசுப்பாக. "வேலை போகும், இல்லைன்னா நானே ஒரு எபிசோடு ஆயிடுவேன். வேலை போறதுகூடப் பரவாயில்ல. இவங்களுக்கு யார் சொன்னது?"

"எதிர் வீட்டம்மா. நிகழ்ச்சிக்கு லெட்டர் போட்டிருக்காங்க. உனக்கு சர்ப்ரைஸாம்."

இவள் என்ன வேலை பார்க்கிறாள் என்று எதிர் வீட்டம்மாவுக்குத் தெரியாது. ஆனால் தங்கமான மனுஷி. அவர் ஒரு உதவி செய்தால் அதிலிருந்து வெளியே வர மூன்று நாள் ஆகும்.

"நான் வாயத் திறந்தா அடுத்த செகண்டே கண்டுபிடிச்சிடுவாங்க. போய், அவ வேலையா இருக்கா, இப்போ பேச முடியாதுன்னு சொல்லி அனுப்பிடுங்க. சிரிச்ச முகமா சொல்லுங்க. லைசென்ஸ் கேக்குற மாதிரி சொல்லாதீங்க."

கூடத்தில் எதிர் வீட்டம்மா நடுநாயகமாக உட்கார்ந்திருந்தார். சேனலில் ஆட்குறைப்பு என்பதால் வந்தது இரண்டே பேர். ஒருவர் இயக்குநர், கேமராவும் அவரே. இன்னொருவர் நரைத்த தலையில் ஹெட்ஃபோன் மாட்டிய ஒலிக்காரர். இயக்குநர் யார் பேசினாலும் பல் டாக்டர் மாதிரி வாயையே பார்த்தார். பேசும்போது, பக்கத்தில் இருப்பவரிடம்கூட, மேடையில் நிற்கிறவர் போலத்தான் பேசினார். டி.வி.காரர்கள் அப்படித்தான் போலிருக்கிறது என்று போலீஸ்காரர் நினைத்துக்கொண்டார்.

"அவளால பேச முடியாதுங்க..." என்று ஆரம்பித்தவர், சிரித்த முகம் ஞாபகம் வந்து சிரித்துவிட்டு, "...இப்போ" என்று முடித்தார்.

அந்த 'இப்போ' கொஞ்சம் தாமதமாக வந்தது. அதற்குள் இயக்குநர் குனிந்து கேமரா பையைத் திறந்திருந்தார். நிமிர்ந்தபோது கண் கலங்கியிருந்தது.

"நடக்கவும் முடியாது! பேசவும் முடியாதா!" என்று தெருக்கோடிக்குக் கேட்கும்படி சொன்னார். "லெட்டர்ல பாதிதான் எழுதியிருந்தாங்க. யோவ், இது சாதாரண எபிசோடு இல்லைய்யா. ரெண்டு பாகம்!"

"என்னது, பேச முடியாதா?" எதிர் வீட்டம்மா துள்ளி எழுந்தார். "நேத்து சாயங்காலம்கூட என்கிட்ட வாய் ஓயாம பேசினாளே!"

பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர்கள் ஒரு பொய்யில் நிற்க மாட்டார்கள். போலீஸ்காரர் நிற்கவில்லை.

"நேத்து சாயங்காலத்தோட நின்னு போச்சும்மா" என்றார்.

"ஐயையோ! அப்ப கடைசியா பேசினது என்கிட்டதானா!" அழுகையும் பெருமையும் ஒரே சமயத்தில் வந்து எதிர் வீட்டம்மாவைத் திணறடித்தன.

இயக்குநர் அவர் முகத்துக்கு நேரே வந்தார். "அம்மா! அவங்க கடைசி வார்த்தை என்ன?"

எதிர் வீட்டம்மா யோசித்தார். "'உங்க துணியெல்லாம் மழையில நனையுது, சீக்கிரம் எடுங்க'ன்னு சொன்னா."

"தன் கடைசி வார்த்தையைக்கூட அடுத்தவங்க துணிக்காகச் செலவு பண்ணியிருக்காங்க!" இயக்குநர் நோட்டில் வேகமாக எழுதினார். "உங்களைத் தனியா எடுக்கணும்மா. உங்க வீட்டுக்கே வரேன்."

அவ்வளவுதான். எதிர் வீட்டம்மா நல்ல துணி மாற்றிக்கொள்ள ஓடினார்.

போலீஸ்காரர் துணி அறைக்குத் திரும்பி வந்து நடந்ததைச் சொன்னார். குரல்காரி தலையில் அடித்துக்கொண்டாள்.

"வேலையா இருக்கேன்னு சொல்லச் சொன்னா ஊமையாக்கிட்டு வந்திருக்கீங்களே!"

"வாயில வந்துடுச்சும்மா. இப்ப என்ன, பேசாம இருந்தாப் போதும். பத்து நிமிஷத்துல போயிடுவாங்க."

பேசாமல் இருப்பது அவள் வாழ்க்கையில் இதுவரை முயன்று பார்க்காத வேலை. வேறு வழியில்லை. உதட்டை இறுக்கிக்கொண்டு சக்கரத்தை உருட்டிக் கூடத்துக்கு வந்தாள்.

ஒலிக்காரர் "வணக்கங்க" என்றார். அந்தக் குரலைக் கேட்டதும் அவள் உதட்டை இன்னும் இறுக்கினாள். வாரா வாரம் போனில், 'மேடம், மூணாவது வரியில மூச்சு கேக்குது, இன்னொரு தடவை சொல்லுங்க' என்று சொல்கிற ஆள் இவர்தான். இயக்குநர் போன் பேசியதே இல்லை. நீள நீளமாக எழுதுவதோடு சரி. 'உங்கள் குரல்தான் இந்த நிகழ்ச்சியின் உயிர்நாடி' என்று மாசத்துக்கு ஒரு தடவையாவது எழுதிவிடுவார்.

"சைகை பாஷை தெரியுமா அவங்களுக்கு?" என்றார் இயக்குநர்.

"ராத்திரியே சொல்லிக் கொடுத்துட்டேன்" என்றார் போலீஸ்காரர்.

குரல்காரி அவரைப் பார்த்த பார்வையில் சாதாரணக் கணவராக இருந்தால் பொசுங்கியிருப்பார். இவர் வெயிலில் நின்று பழகியவர்.

"கேளுங்க, கேளுங்க! இந்த நிமிஷம் அவங்க மனசுல என்ன ஓடுது?"

போலீஸ்காரருக்குத் தெரிந்த சைகை ஒன்றுதான். அவர் விறைப்பாக நின்று, இடது கையை நீட்டி, வலது கையை மடக்கி இரண்டு தடவை ஆட்டினார். பழக்க தோஷத்தில் விசில் ஊதப் போனவர், பாதியில் அடக்கிக்கொண்டார்.

குரல்காரி உள்ளங்கையை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். போதும், நிறுத்துங்கள் என்று அர்த்தம்.

"வர்ற தடைகளை எல்லாம் தடுத்து நிறுத்துவேன்னு சொல்றா."

குரல்காரி வாசலைக் காட்டி இரண்டு கையையும் வீசினாள். எல்லாரும் வெளியே போங்கள் என்று அர்த்தம்.

"எல்லாருக்கும் வழி விடுவேன்னு சொல்றா."

"அற்புதம்!" என்றார் இயக்குநர். "இந்தச் சைகையை நான் எங்கேயோ பார்த்திருக்கேனே..."

"பெரிய ஆஸ்பத்திரி சிக்னல்ல" என்று ஒலிக்காரர் மைக்குக்குப் பின்னால் முனகினார். குரல்காரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை அடக்க அவள் பட்ட பாட்டில் கண்ணில் தண்ணீர் முட்டியது. இயக்குநர் உடனே அந்தக் கண்ணீரை நெருக்கத்தில் எடுத்துக்கொண்டார்.

"இவ்வளவு துணிச்சல் இவங்களுக்கு எங்கேயிருந்து வந்துச்சு? யார் காரணம்?"

"மாமாதான் சார். அவளோட மாமா."

"பாப்பாவா!" இயக்குநர் முகம் மலர்ந்தது. "குழந்தை இருக்கா! வயசு என்ன?"

போலீஸ்காரர் குழம்பினார். மாமாவின் வயதைக் கேட்கிறார் என்று நினைத்து, "அறுபது இருக்கும்" என்றார்.

"ஆறா? கொஞ்சம் தெளிவா சொல்லுங்க சார், உங்க மீசை ரொம்ப மறைக்குது. ஆறு வயசுக் குழந்தை! வரச் சொல்லுங்க, தாயும் சேயுமா ஒரு ஷாட்!"

டி.வி.காரர்களுக்குத் தங்களுக்கு வேண்டியதுதான் காதில் விழும் என்று மனைவி அடிக்கடி சொல்வாள். அது இவ்வளவு நிஜம் என்று போலீஸ்காரர் இன்றுதான் பார்த்தார்.

"பள்ளிக்கூடம் போயிருக்கு சார்."

"ஞாயித்துக்கிழமையா?"

"டியூஷன்."

"ஆறு வயசுக்கு டியூஷனா!" என்று இயக்குநர் உருகிப் போய், மூலையில் கிடந்த காலி நாற்காலியை ஒரு நிமிஷம் எடுத்தார். தாயின் ஏக்கத்துக்கு அது உதவுமாம். கல்யாணமாகி நாலே மாதம் ஆன குரல்காரி, பிறக்காத குழந்தையை நினைத்து ஏங்குவது போல முகத்தை வைத்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

அதோடு விட்டிருக்கலாம். இயக்குநர் வீட்டைச் சுற்றிப் பார்த்தார். அலமாரி, சுவிட்சு, கொக்கி, எல்லாமே குரல்காரியின் கைக்கு எட்டுகிற உயரத்தில் இருந்தன. போலீஸ்காரர் லீவு போட்டு உட்கார்ந்து, ஒவ்வொன்றாகக் கழற்றிக் கீழே இறக்கியிருந்தார். கல்யாணத்துக்கு அவர் கொடுத்த பரிசே அதுதான். அந்த வீட்டில் அவளுக்கு எதற்கும் யாரையும் கூப்பிட வேண்டாம்.

"இதுல போராட்டமே இல்லையே!" என்று இயக்குநர் வருத்தப்பட்டார். பிறகு ஒரு தண்ணீர் ஜாடியை எடுத்து ஃபிரிட்ஜின் உச்சந்தலையில் வைத்தார். "அம்மா, உங்களுக்குத் தாகம். ஜாடி மேல இருக்கு. வீட்ல யாரும் இல்ல. எடுங்க பாப்போம்."

குரல்காரி மூலையிலிருந்த ஒட்டடைக் கம்பை எடுத்தாள். நுனியை ஜாடியின் பிடிக்குள் விட்டாள். சொட்டு சிந்தாமல் மூன்று விநாடியில் இறக்கிவிட்டாள்.

"இவ்வளவு சுலபமா எடுத்தா எப்படிம்மா? நேயர்கள் ஏமாந்துடுவாங்க. கம்பு வேண்டாம். கொஞ்சம் தவிச்சு, நடுங்கி எடுங்க" என்று இயக்குநர் ஜாடியை மறுபடி மேலே வைத்தார்.

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு தவித்தாள். நடுங்கினாள். ஃபிரிட்ஜைப் பிடித்து ஆட்டினாள். ஜாடி சாய்ந்தது. தண்ணீர் மொத்தமும் கீழே கொட்டி, இயக்குநரின் விளக்குக்காகத் தரையில் போட்டிருந்த மின்சாரப் பலகையை நோக்கி ஓடியது. பலகைக்குப் பக்கத்தில் வெறுங்காலோடு நின்றார் ஒலிக்காரர்.

"பிளக்கைப் புடுங்குங்க!"

ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. நாலு வருஷம் பயிற்சி எடுத்த குரல், அடிவயிற்றிலிருந்து வந்தது. ஹெட்ஃபோனில் அதை வாங்கிய ஒலிக்காரர், அறை வாங்கியவர் போலத் துள்ளி, சுவரில் இருந்த பிளக்கைப் பிடுங்கினார். விளக்கு அணைந்தது.

ஒலிக்காரர் மெதுவாக ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டு அவளையே பார்த்தார். நாலு வருஷமாக அவள் மூச்சை வெட்டி வெட்டி எறிந்தவர். அவருக்கா அடையாளம் தெரியாது? குரல்காரி மடியில் கையைக் கூப்பினாள். காட்டிக் கொடுத்துடாதீங்க என்று கண்ணாலேயே கெஞ்சினாள்.

ஒலிக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு இயக்குநரின் எதிரில் போய் நின்றார். "சார், தண்ணி கொட்டிருச்சு."

கேமராவிலிருந்து கண்ணை எடுத்த இயக்குநரின் கன்னம் நனைந்திருந்தது. "பார்த்தேன்யா! ஜாடி விழுந்ததும் அந்த வாய் மட்டும் திறந்துச்சு பாரு, ஒரு சத்தம் இல்லாம! எத்தனை வருஷத்து வலிய்யா அதுல!"

"நேத்துதானே சார் போச்சு" என்றார் ஒலிக்காரர்.

குரல்காரிக்கும் போலீஸ்காரருக்கும் ஒன்றும் புரியவில்லை. ஜன்னலே அதிர்ந்ததே, இந்த மனுஷனுக்கு எப்படி? சோகத்தின் மேல் அவ்வளவு பித்தா? எப்படியோ தப்பித்தோம் என்று இருவரும் மூச்சு விட்டார்கள்.

விட்ட மூச்சு உள்ளே திரும்புவதற்குள் இயக்குநர் கையைத் தூக்கினார்.

"முடிவு பண்ணிட்டேன்! இந்த மௌனத்துக்கு முன்னாடி வேற குரல் எதுக்கு? இனிமே 'கண்ணீரைத் துடை'யில பின்னணிக் குரலே கிடையாது. முகம் போதும். குரல் மேடத்துக்கு இப்பவே நன்றி சொல்லி அனுப்பிடுறேன்."

"சார், அவசரப்படாதீங்க..." என்று ஒலிக்காரர் ஆரம்பித்தார். இயக்குநர் அதற்குள் குனிந்து போனில் தட்டிக்கொண்டிருந்தார்.

துணி அறைக்குள் 'டிங்' என்று சத்தம் கேட்டது. போலீஸ்காரர் ஓடிப்போய் அவள் போனை எடுத்து வந்து, முதுகுக்குப் பின்னால் மறைத்து நீட்டினார். 'குரல் மேடம், நாலு வருடங்களுக்கு நன்றி. இன்று ஒரு மௌனத்தைச் சந்தித்தேன். இனி நிகழ்ச்சிக்குக் குரல் தேவைப்படாது.'

குரல்காரி அதை இரண்டு முறை படித்தாள். வேலையைக் காப்பாற்றத்தான் வாயை மூடினாள். மூடிய வாய் வேலையைத் தின்றுவிட்டது. போதாக்குறைக்கு எபிசோடும் ஆகிவிட்டாள், அதுவும் இரண்டு பாகம். இனி இழக்க என்ன இருக்கிறது?

இயக்குநர் தரையில் மண்டியிட்டு, முதுகைக் காட்டிக்கொண்டு, பையில் விளக்கை அடுக்கிக்கொண்டிருந்தார். குரல்காரி சக்கரத்தை ஓங்கி உருட்டி அவருக்குப் பின்னால் போய் நின்றாள்.

"சார், அந்தக் குரல் மேடம் நான்தான்!"

அவர் விளக்கின் வயரைச் சுற்றினார்.

"ஆமா சார், நாலு வருஷமா நான்தான் உங்களுக்காக அழறேன்! எனக்குக் கால்தான் நடக்காது. மத்தபடி நான் சண்டை போடுவேன், புறணி பேசுவேன், இவரு மீசையைக் கிண்டல் பண்ணுவேன், தாகம் எடுத்தா நானே தண்ணி எடுத்துக் குடிப்பேன். ஜாடியை ஃபிரிட்ஜ் மேல வெச்சது நீங்க! உங்க நிகழ்ச்சியில இதுவரைக்கும் ஒருத்தராவது ஒரு தடவை சிரிச்சிருக்காங்களா சார்? சிரிக்கிற எங்களை எல்லாம் எங்க வெட்டி எறியறீங்க? ஊர்ல எல்லாரும் வேலைக்குப் போனா அது வேலை, நாங்க போனா சாதனையா? எனக்குப் பூங்கொத்து வேண்டாம், வயலின் வேண்டாம். என் வேலையைத் திருப்பிக் கொடுங்க!"

சொல்லி முடித்தபோது அவளுக்கு மூச்சு வாங்கியது. இப்படி ஒரு பேச்சை அவள் வாழ்நாளில் பேசியதில்லை. எழுதிக் கொடுக்காமல், தழுதழுக்காமல், முழுக்க முழுக்க அவளுடையது. போலீஸ்காரரின் மீசை துடித்தது. அவர் தன்னை அறியாமல் அட்டென்ஷனில் நின்றிருந்தார்.

இயக்குநர் பையின் ஜிப்பை இழுத்து மூடினார். கேமராவைத் தோளில் மாட்டினார். சாவகாசமாக எழுந்து திரும்பினார். மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்க உட்கார்ந்திருந்தவளைப் பார்த்ததும் அவருக்கு மறுபடி கண் நிறைந்தது.

"அமைதியா உட்கார்ந்திருக்கீங்க. ஆனா அந்தக் கண்ணு எவ்வளவு பேசுது!" என்று நெஞ்சில் கை வைத்துச் சொன்னார். "நான் எதிர் வீட்ல கடைசி வார்த்தையை எடுத்துட்டு வந்துடுறேன். யோவ், நீ இங்க கேபிளைச் சுத்து. அங்க சவுண்டு வேண்டாம், அந்தம்மா முகம் போதும்."

அவர் செருப்பு மாட்டிக்கொண்டு தெருவைக் கடப்பதை மூவரும் பார்த்தார்கள். குரல்காரிக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. இது வயலின் அழுகை இல்லை, மூக்கு ஒழுகுகிற நிஜ அழுகை.

"அவ்வளவு கத்தினேன்! என் மனசுல இருக்கிறதை எல்லாம் கொட்டினேன்! ஒரு வார்த்தைகூட அந்த மனுஷன் காதுல போட்டுக்கலையே! அவ்வளவு திமிரா அவருக்கு?"

கேபிளைச் சுற்றிக்கொண்டிருந்த ஒலிக்காரர் ஒரு தடவை வாசலைப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

"கத்தி என்ன மேடம் புண்ணியம், மெசேஜ் போடுங்க; அவருக்குக் காது கேட்டே ஆறு வருஷமாச்சு, வெளியே தெரிஞ்சா 'கண்ணீரைத் துடை'யில தன்னையே உட்கார வெச்சுடுவாங்கன்னு பயந்து, உதட்டைப் பார்த்தே ஓட்டிக்கிட்டிருக்காரு."